இன்னும் ஒரு கோட்டு பாக்கி

எதையும் தட்டிப் பார்க்காமல் என் மாமனார் நம்பியதில்லை. தர்பூசணியை எல்லாரும்தான் தட்டுவார்கள். இவர் கதவைத் தட்டுவார், மண்பானையைத் தட்டுவார், பஸ்ஸில் ஏறும் முன் அதன் தகரத்தைத் தட்டுவார். வலது கை நடுவிரலை மடக்கி, முட்டியால் இரண்டே தட்டு. அப்புறம் தலையைச் சாய்த்துக் கேட்பார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டுத் தூணைத் தட்டிவிட்டு, "கெட்டியான வூடுங்க" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். என் அப்பாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

தட்டும் பழக்கம் அவருக்குப் படகினால் வந்தது என்பது எனக்குக் கல்யாணத்தன்று தெரிந்தது. கோயிலில் தாலி கட்டி முடித்து, மத்தியானம் காரில் வந்து இறங்குகிறேன். வீட்டின் பக்கவாட்டில் தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்று கூரைக்குச் சமமாக நின்றது. ரிப்பேரான பஸ் என்று நினைத்தேன். ஆரத்தி எடுத்து, மாதா படத்துக்கு முன் முழங்காலிட்டு எழுந்ததும், "வாம்மா, ஒண்ணு காட்டறேன்" என்று அழைத்துப்போய்த் தார்ப்பாயை விலக்கினார். உள்ளே வெள்ளைவெளேர் என்று ஒரு மோட்டார் படகு. இடுப்பில் நீலக் கோடு. கண்ணாடி சன்னல் வைத்த கேபின், அதற்குள் இரண்டு பேர் படுக்க மெத்தைப் பலகை, கை கழுவ ஒரு தொட்டி, கார் மாதிரி ஸ்டியரிங். இருபத்து நாலு அடி நீளம், ஒன்பதே கால் அடி அகலம். கட்டைகள் மேல் நிறுத்தியிருந்தார்.

"செருப்பக் கழட்டிட்டு ஏறும்மா" என்றார்.

பட்டுப்புடவையோடு ஏணியில் ஏறினேன். வேறென்ன செய்வது, கல்யாணம் ஆகி மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது.

நல்லம்பள்ளியிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி இருந்த வீடு அது. ஒரு பக்கம் நிலக்கடலைக் காடு, இன்னொரு பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் மாட்டுக்கொட்டகை. ஊர் ஏரியில் நான் வந்த வருஷம் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. ஊரார் அந்தப் படகைக் கப்பல் என்றார்கள். அவர் லாஞ்சு என்பார். வாங்கி வந்த புதிதில் பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தாராம். அவரிடம் வந்த பிறகு அதன் மேல் பட்ட ஒரே தண்ணீர் அதுதான் என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். உண்மைதான். மழை மேகம் கூடினால் துணி எடுக்கப் போகும் முன்னால் அவர் தார்ப்பாயை இழுத்துக் கட்டப் போவார்.

அது எப்படி அங்கே வந்தது என்பதை அவர் ஒரு தடவையும் முழுதாகச் சொன்னதில்லை. நானாகக் கோத்துக்கொண்டது இது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் அணை கட்டும்போது அவர் ஜீப் டிரைவர். அணைக்கு வந்திருந்த வெளிநாட்டு இஞ்சினியர் ஒருவர் தன் நாட்டிலிருந்து இந்தப் படகைக் கப்பலில் வரவழைத்து, நீர்த்தேக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவார். கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், திரும்பி வந்ததும் துடைப்பதும் இவர் வேலை. இஞ்சினியர் ஊருக்குப் போனபின் படகு ஷெட்டில் கிடந்து, கடைசியில் ஏலத்துக்கு வந்தது. இவர் அரை ஏக்கர் புஞ்சையை விற்று அதை எடுத்து வந்தார்.

"அவரு உங்கள ஏத்திக்கிட்டுப் போவாருங்களா மாமா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"தொடைக்கறதுக்கு மட்டும் ஏறுவேன்" என்றார்.

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தமெல்லாம் இல்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

அந்தப் படகின் அருமையைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் அடுப்பில் இருப்பது தீய்ந்துவிடும். மரம் இல்லை, இரும்பு இல்லை, கண்ணாடி நாரைப் பாய் பாயாக விரித்துப் பசை ஊற்றிச் செய்தது. துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது. இப்போது செய்கிறவர்கள் மெல்லிசாகச் செய்துவிடுகிறார்களாம். "இது மொதல் மொதல்ல செஞ்ச காலத்து லாஞ்சும்மா. எவ்ளோ கனம் இருந்தாப் போதும்னு அவங்களுக்கே தெரியாது. ஒடஞ்சு போயிருமோன்னு பயந்து பயந்து, வேண்டியதுக்கு மேலயே போட்டுட்டாங்க. பயந்து செஞ்சதுனாலதான் இன்னும் நிக்குது." இதைச் சொல்லிவிட்டுப் படகின் அடிவயிற்றில் இரண்டு தட்டுத் தட்டுவார். டொக் என்று இறுக்கமாகச் சத்தம் வந்தால் நல்லது. பொத்தென்று வந்தால் உள்ளே பாய் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வருவார். எங்கேயும் பொத்தென்று வந்து நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மெழுகு போடுவார்; ஒவ்வொரு பூச்சும் அவருக்கு ஒரு கோட்டு. அதற்கு ஏழெட்டுத் தடவை துவைத்த பருத்தித் துணிதான் ஆகும். என் பழைய நூல் புடவைகள் எல்லாம் அந்தப் படகின் மேல்தான் தேய்ந்தன. முடித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார். வெயிலில் அது பளபளக்கும். "ஆச்சுங்களா மாமா?" என்றால், "இன்னும் ஒரு கோட்டு பாக்கி" என்பார். ஏரி நிரம்பினால் இறக்குவீர்களா என்று யார் கேட்டாலும் இதே பதில்தான். இன்னும் ஒரு கோட்டு பாக்கி.

ஏரி நிரம்பினாலும் இறக்க முடியாது என்பதுதான் வேடிக்கை. படகு வந்த புதிதில் அந்தப் பக்கம் முழுக்கத் திறந்த வெளி. ஆடு உரசுகிறது என்று இவரே சுற்றிலும் மதில் எழுப்பினார். அப்புறம் மகனுக்குக் கல்யாணம் வந்தது. வீட்டில் ஒரு கூடமும் சமையலறையும்தான். புதுசாக ஓர் அறை கட்ட வேண்டும், கட்ட இருந்த ஒரே இடம் வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் படகுக்கு முன்னால் இருந்த சந்து. அங்கேயே கட்டிவிட்டார். படகு வெளியே வர இருந்த ஒரே வழி அது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தார்களாம்.

அந்த அறைக்குள் இன்னொரு கூத்து. ஆசாரியை அறைக்குள்ளேயே உட்காரவைத்துக் கட்டில் செய்யச் சொன்னார். தேக்கு, ஆறடிக்கு ஐந்தடி, பொருத்துக்குப் பொருத்து ஆப்பு இறக்கிப் பசை போட்டது. செய்து முடித்தபின்தான் தெரிந்தது, அது அந்தக் கதவு வழியாக எந்நாளும் வெளியே வராது. "எதுக்கு வரணும்?" என்றார்.

அந்த அறைதான் என் அறை. என் கணவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை சனிக்கிழமை வந்து ஞாயிறு சாயந்தரம் பஸ் ஏறிவிடுவார். மாமியார் நான் வரும் முன்பே போய்ச் சேர்ந்தவர். மீதி நாளெல்லாம் அந்த அறையில் நான், கூடத்தில் மாமனார், நடுவில் படகு. அறையின் பின்பக்கச் சன்னலைத் திறந்தால் வெள்ளையாகப் படகின் மூக்கு. கம்பிக்குள் கையை நீட்டினால் தொடலாம். காற்றும் வராது, வானமும் தெரியாது. நான் அந்தச் சன்னலை மூடியே வைத்திருந்தேன். மூன்று வருஷம் இப்படி. அவர் ஒரு சுடுசொல் சொன்னதில்லை, சாப்பாட்டில் குறை சொன்னதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் தருமபுரிக்கு அவரே கூட்டிப்போய் டாக்டரிடம் உட்கார்ந்திருப்பார். தனியாகப் பஸ் ஏறவிட மாட்டார், கடைக்கு அனுப்ப மாட்டார். எதையாவது சொல்லிச் சண்டை போடலாம் என்றால் சண்டைக்கு ஒரு பிடியும் கிடைக்காது. கொடுமைக்காரராக இருந்திருந்தால் எப்போதோ என் அப்பா வந்து கூட்டிப்போயிருப்பார்.

கோபம் வந்தது தண்ணீரால். ஒரு வருஷம் கிணறு வற்றி, அடிபம்பில் வரிசை நின்று இரண்டு குடம் எடுத்து வருவேன். சனிக்கிழமையானால் இவர் படகின் இஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிடுவார். ஓடாமல் இருந்தால் இறுகிவிடுமாம். அந்த இஞ்சின் ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஆறு எங்கே இருக்கிறது? ஒரு டிரம்மில் தண்ணீர் ஊற்றி, குழாயை அதில் போட்டு, பின்னால் வெளிவருவதை இன்னொரு டிரம்மில் பிடிப்பார். பிடித்ததில் பாதி ஆவியாகப் போய்விடும், மீதி எண்ணெய் நாறும். குறைகிறதை நிரப்ப வேண்டியது நான். அடிபம்பில் நிற்கும் பெண்கள், "ஏங்க, இன்னிக்கி உங்க கப்பலுக்குத் தாகம் எடுத்துருச்சா?" என்பார்கள். நானும் சிரிப்பேன். வழியில் வரும்போது அழுகை வரும். தண்ணீரில் போக வேண்டிய ஒன்று என் குடத்துத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அசையாமல் நின்றது.

ஒரே ஒரு தடவை மாமனார் எங்களை வெளியே கூட்டிப்போனார், ஒகேனக்கல்லுக்கு. என் கணவர் பரிசல் பேசினார். பரிசல்காரர் கையைக் கொடுத்து ஏற்றுகிற நேரத்தில், இவர் குனிந்து பரிசலைத் தட்டினார்.

"தட்டாதீங்க பெரியவரே, ஓட்டையாயிரும்" என்று பரிசல்காரர் கத்தினார்.

"எவ்ளோ கனங்க இது?"

"மூங்கிலும் தாருந்தான். எங்கப்பங் காலத்துலருந்து இப்பிடித்தான் போவுது, யாரும் முழுவல."

"வேண்டாம். நீங்க போயிட்டு வாங்க" என்று மாமனார் பாறை மேல் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் சுற்றி வரும்வரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கரையேறி நான் அருகில் போனபோது அவர் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தது. படகு வைத்திருக்கிற மனுஷனுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் மேல் எனக்கு இரக்கம் வந்ததும் அன்றைக்குத்தான்.

நான்காவது வருஷம் தொடக்கத்தில் கணவரிடமிருந்து கடிதம். கம்பெனி குவார்ட்டர்ஸ் கொடுத்துவிட்டது, இரண்டு அறை, குழாயில் தண்ணீர். மாதக் கடைசிக்குள் குடும்பத்தோடு குடிவராவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். 'அப்பாவிடம் நீயே சொல்லு' என்று முடித்திருந்தார். அப்பா முன்னால் அவருக்கு வாய் வராது.

சொன்னேன். "பாக்கலாம்மா" என்றார். இரண்டாம் தடவை சொன்னேன். "அங்க பொக, தூசி. அவன் மொதல்ல போயி ஒரு மாசம் இருந்து பாக்கட்டும். உனக்குத்தான் இங்க ரூம் இருக்குதே" என்றார். மூன்றாம் தடவை தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கப் போய்விட்டார். நான்காம் தடவை அவர் மெழுகு போட்டுக்கொண்டிருந்தார். என்ன கேட்டேன் என்று காதில் விழுந்ததோ இல்லையோ, "இன்னும் ஒரு கோட்டு பாக்கி" என்றார்.

அன்றைக்கு நான் ஒரு காரியம் செய்தேன்.

அதற்கு மூன்று மாதம் முன்னால் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பழைய பைபர் படகுகள் மேல் பைத்தியம். இரண்டு வைத்துக்கொண்டு நீர்த்தேக்கத்தில் ஓட்டுகிறவர். அணைக் காலனியில் விசாரித்து, வழி கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். படகைப் பார்த்ததும் செருப்பைத் தானே கழற்றினார். விரலை மடக்கித் தட்டினார். தலையைச் சாய்த்தார். "பஹள சென்னாகிதே" என்றார், ரொம்ப நன்றாக இருக்கிறதாம். என் மாமனார் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் வெயில் சாயும்வரை படகைச் சுற்றிச் சுற்றித் தட்டினார்கள். அவர் கன்னடமும் தமிழும் கலந்து பேச, இவர் ஜீப் ஓட்டிய காலத்துக் கன்னடத்தைத் தூசி தட்டி எடுத்தார். விலைக்குக் கொடுப்பீர்களா என்று போகும்போது கேட்டார் அவர். "பாக்கலாம் சார்" என்றார் இவர். "இந்த ரூம் பிரேக் பண்ணாம ஆகல்ல, முடியாது" என்று அறையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, விலாசம் கொடுத்துப் போனார்.

அந்த விலாசத்துக்கு எழுதினேன். மாமா சம்மதித்துவிட்டார், அறையை இடிக்கவும் சம்மதம், லாரியோடு வரவும் என்று. படகு போக அறை போக வேண்டும். அறை போனால் எனக்குப் படுக்க இடமில்லை, ஓசூருக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். அவ்வளவுதான் என் யோசனை. தபால் பெட்டியிலும் போட்டுவிட்டேன். ஒரு மனுஷனின் உயிரை அவருக்குத் தெரியாமல் விற்றுவிட்டேன் என்று தெரிந்தே செய்தேன். பாவத்தோடு நன்மை அப்பம் வாங்கக் கூடாது என்று அடுத்த பூசையில் முன்னால் போகாமல் பின்னால் நின்றுகொண்டேன்.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது, காலையில் வந்துவிட்டார்கள். முன்னால் காரில் பெங்களூர்க்காரரும் அவர் மனைவியும், பின்னால் லாரி, அதில் செயின் புல்லி, நாலு ஆட்கள். மாமனார் வாசலில் நின்றார். பெங்களூர்க்காரர் நீட்டிய என் கடிதத்தை வாங்கித் தூரத்தில் பிடித்து வாசித்தார். மடித்தார்.

"நீ எழுதுனியாம்மா?"

"ஆமாங்க மாமா."

"லாஞ்சு போவணும்னு எழுதுனியா? இல்ல, நீ போவணும்னா?"

வேற்று மனிதர்கள் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. "நாந்தாங்க போவணும்."

"அத எங்கிட்டக் கேக்கறதுக்கென்ன?"

"கேட்டேங்க. நாலு தடவ கேட்டேங்க. ஒரு கோட்டு பாக்கின்னீங்க."

அவர் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தார். வந்தவர்களுக்கு டீ போடச் சொன்னார். நான் டீ கொண்டுவந்தபோது அவர் என் அறையின் முன்சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். கீழே, மேலே, கதவுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். படகைத் தட்டுகிற அதே நிதானம்.

"நல்லாத்தான் கட்டியிருக்கறேன்" என்றார். பின்கட்டுக்குப் போய்க் கடப்பாரையோடு வந்தார்.

முதல் இடி அவருடையது. பிறகு லாரி ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். கதவு நிலையையும் அதன் ஓரத்துச் சுவரையும் எடுத்தார்கள். ஆறடிக்குத் திறந்ததும், "போதும்" என்று கையை உயர்த்தினார். பெங்களூர்க்காரருக்குப் புரியவில்லை. ஒன்பதே கால் வேண்டுமே, பின்சுவர் வேறு இருக்கிறதே என்று அளவு நாடாவைக் காட்டினார்.

"லாஞ்சுக்கு இல்லீங்க சார். கட்டலுக்கு" என்றார் மாமனார். "தப்பா நெனைக்காதீங்க. அதுக்கு இன்னும் ஒரு கோட்டு பாக்கி. லாரி சும்மாத் திரும்பிப் போவக் கூடாது. ஓசூரு உங்க வழிதானுங்களே? எங்க பொண்ண எறக்கி உட்டுட்டுப் போங்க."

பெங்களூர்க்காரர் கொஞ்ச நேரம் படகைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "பரவாகில்ல" என்றார். கோபப்பட்டிருக்கலாம், படவில்லை.

கட்டில் வெளியே வந்தது. என் பீரோ, குடங்கள், மாவரைக்கும் கல், எல்லாவற்றையும் அவரே நின்று ஏற்றினார். படகுக்கென்று கொண்டுவந்த வைக்கோலையும் கயிற்றையும் போட்டுக் கட்டிலை இறுக்கிக் கட்டினார். வேண்டியதற்கு மேலேயே கட்டினார். "மாமா, நீங்களும் வந்துருங்க" என்றேன். மனசாரச் சொன்னேன். அவர் காதில் வாங்காதவர்போல முடிச்சைச் சரிபார்த்தார். காரின் பின் சீட்டில் பெங்களூர்க்காரரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமனார் லாரியின் பக்கப்பலகையை இரண்டு தட்டுத் தட்டிக் கேட்டார். பிறகு என் பக்கம் வந்து காரின் கதவைத் தட்டினார். தலையைச் சாய்த்தார். வழக்கத்தைவிட நேரமாகக் கேட்டார்.

"ம். போலாம்" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை.

தெரு திரும்பும் முன் திரும்பிப் பார்த்தேன். இடித்த சுவர் வழியாக என் அறை முழுதும் ரோட்டுக்குத் தெரிந்தது. மூன்று வருஷமாக நான் மூடியே வைத்திருந்த பின்பக்கச் சன்னல் திறந்திருந்தது. செங்கல் தூசி அது வழியாகப் போய்ப் படகின் மூக்கில் படிந்திருக்க வேண்டும். அவர் அறைக்குள் நின்று, கம்பிகளுக்கு நடுவே தோள்வரை கையை நுழைத்து, துண்டால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.